ஐப்பசி மழையும் கேமரன் மலைத் தொழிலாளியும்



"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று நம் பாட்டன் பாட்டிமார் சொல்லி வைத்தது தமிழ்நாட்டு மழையைப் பற்றி. கப்பலேறி வந்தபோது இந்தச் சொல்லையும் மூட்டை முடிச்சோடு சேர்த்தே கொண்டு வந்தார்கள். ஊர்ப் பழமொழிகள் பல இந்த மண்ணுக்கு ஒத்துவரவில்லை. இது ஒன்று கேமரன் மலைக்கு அச்சாகப் பொருந்திவிட்டது.

குளிர் நாடுகளில் அக்டோபர் கடைசியும் நவம்பரும் இலை உதிர்ந்து முடியும் காலம். நம் மலையில் இலை உதிர்வதில்லை. கொளுந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும். இங்கே அந்த வாரங்களுக்கு ஒரே பெயர்தான்: மழைக்காலம். தானா ராத்தாவில் ஆண்டில் அதிக மழை கொட்டுகிற மாதங்களில் இந்த இரண்டும் முன்னே நிற்கின்றன.

இந்த மாதங்களில் வானிலை அறிக்கை யாருக்காக வெளிவருகிறது? சுற்றுலா வருகிறவர் குடை எடுத்து வரலாமா, ஸ்ட்ராபெரி தோட்டம் பார்க்கலாமா என்று தெரிந்துகொள்ள மட்டும்தானா? இல்லை. சரிவில் நின்று கொளுந்து வெட்டுகிறவருக்கும், சரிவின் அடியிலே லயத்தில் குழந்தைகளோடு படுத்திருக்கிறவருக்கும்தான் அது முதலில் போய்ச் சேர வேண்டும். "மழை வந்தா பார்த்துக்கலாம்" என்று நாம் இருந்துவிடலாகாது. கத்தரியும் கூடையும் எப்படியோ, அப்படியே வானிலை அறிக்கையும் நமக்கு ஒரு வேலைச் சாமான். அதைப் பிடிக்கத் தெரிந்துகொள்வோம்.

எதிர்பார்க்க வேண்டியது என்ன?

தானா ராத்தா சிறிய பட்டணம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே தாப்பாவில் 32 டிகிரி வெயில் அடிக்கும்போது மேலே 22, 23 டிகிரிதான் இருக்கும். இரவில் 15, 16க்கு இறங்கும். நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பம் பதிவானதும் இந்த மலையில்தான்: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி.

ஐப்பசிக் குளிர் அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் 16 டிகிரியே உடம்பை நடுக்கிவிடும். வயதானவர்களும் இழுப்பு நோய்க்காரர்களும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மழை அங்கியோடு ஒரு மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும்.

அக்டோபரில் காற்று ஒரு திசையில் நிலையாக அடிப்பதில்லை. காலையில் வானம் வெளுத்திருக்கும். பத்து, பதினோரு மணிக்கு முகட்டில் மேகம் கூடும். மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று இறங்கியதும் கதை மாறும். அப்போது நாள் முழுவதும், சில வேளை நாள் கணக்கில், விடாமல் தூறும். இரண்டும் இருவகை ஆபத்து. முதலாவதில் மின்னலுக்கு அஞ்ச வேண்டும். இரண்டாவதில் மண்ணுக்கு அஞ்ச வேண்டும்.

மலை செய்யும் மழை

"ரேடியோவில் மழை இல்லைன்னான், இங்கே கொட்டுது" என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. இதில் அறிக்கை எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஈரக் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகி, அங்கேயே மழையாக விழுகிறது. ஆகவே ரிங்லெட்டில் கொட்டும் மழை பிரிஞ்சாங்கில் ஒரு துளி இல்லாமல் போகலாம். ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் வெள்ளம் என்பது நாம் கண்ணால் காண்பதுதானே.

அறிக்கையோ ஒரு மாவட்டம் முழுமைக்கும் எழுதப்படுவது. நம் மலைக்காட்டின் இன்ன ரோட்டில், இன்ன மணிக்கு மழை விழும் என்று அதனால் சொல்ல முடியாது. எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்லும். அதைப் புரிந்துகொண்டு படித்தால் அது பொய்யாகத் தோன்றாது.

சொற்களைப் பிரித்துப் படிப்போம்

வானிலை ஆய்வு இலாகா நாளை மூன்றாகப் பிரிக்கிறது: பாகி, பெத்தாங், மாலாம். காலை, பிற்பகல், இரவு. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வாசகம் இருக்கும். "சத்து டூவா தெம்பாட்" என்றால் ஓரிரு இடங்களில் மழை. "பெபெராப்பா தெம்பாட்" என்றால் சில இடங்களில். "கெபாஞாக்கான் தெம்பாட்" என்றால் பெரும்பாலான இடங்களில். இந்த மூன்றாவது வாசகம் கேமரன் மலைக்கு வந்தால், "நம்ம தோட்டத்துக்கு இருக்காது" என்று எண்ண வேண்டாம். "ரிபுட் பெத்திர்" என்றால் இடி, மின்னலோடு கூடிய மழை.

தொடர் மழைக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதற்கு மூன்று நிறம். மஞ்சள் "வாஸ்பாடா": விழிப்பாயிரு. ஆரஞ்சு "பூரோக்": நிலைமை மோசம். சிவப்பு "பஹாயா": ஆபத்து. 'மைசுவாச்சா' என்ற செயலியில் இவை கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகின்றன. வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

மழையின் அளவையும் தெரிந்துகொள்வோம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை. 60ஐத் தாண்டினால் மிகக் கனமழை. 60 மில்லிமீட்டர் என்றால் கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படிப் பார்த்தால் ஓர் ஏக்கரில் 60 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 2 லட்சத்து 43 ஆயிரம் லிட்டர். 240 டன்னுக்கு மேற்பட்ட எடை! அதில் வழிந்தோடியது போக மற்றது சரிவுக்குள்ளே இறங்குகிறது. லயத்துக்கு மேலே நிற்பதும் அந்தச் சரிவுதான்.

நேற்றைய மழையையும் கூட்டுங்கள்

அறிக்கை நாளையைச் சொல்கிறது. மண்ணோ போன வாரத்தையும் நினைவில் வைத்திருக்கிறது. ஐந்தாறு நாள் பெய்து ஊறிப்போன சரிவை இறக்க ஆறாம் நாளில் சிறு தூறலே போதும்.

2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை பத்தாங்காலியில் முகாம் போட்டுத் தூங்கியவர்கள் மீது மலை சரிந்து 31 உயிர்கள் போயின. தொடர்ந்து பெய்து மண்ணில் ஊறிய மழையே முக்கியக் காரணம் என்று விசாரணை அறிக்கை கூறியது. 2024 ஜனவரியில் நம் கேமரன் மலையிலேயே, கம்போங் ராஜா புளூவேலிப் பக்கம், அதிகாலை நேரத்தில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பெருமழையில் ரிங்லெட் அணை நிரம்பி, நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போனது. அதுவும் ஐப்பசியில்தான்.

மாண்டவர்கள் யார் என்று பாருங்கள். பலர் உறங்கிக் கொண்டிருந்தவர்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தால் போதாது. இருட்டுவதற்கு முன் லயத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மண்ணும் முன்கூட்டியே அறிக்கை விடுகிறது. சரிவில் புது வெடிப்பு, நேற்று நேராக நின்ற மரமோ கம்பமோ இன்று சாய்ந்திருப்பது, கதவு திடீரென்று இறுகிக்கொள்வது, சுவரடியில் கலங்கல் நீர் கசிவது, ஓடை சட்டென்று சேறாவது அல்லது வற்றிப்போவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குடும்பத்தோடு வெளியேறுங்கள். சாமான் செட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறந்த சான்றிதழ், அடையாளக் கார்டு, மருந்து இவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலருகே வைத்திருங்கள்.

இடி மழைக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டிடத்துக்குள்ளோ மூடிய லாரிக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியிலும் தகரக் கொட்டகை ஓரத்திலும் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மலையேற வேண்டும்.

மழை நாளும் சம்பளமும்

"எல்லாம் சரிங்கண்ணே, மழைக்கு ஒதுங்கினா பேர் போடுவாங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆபத்து என்று தெரிந்தும் நம்மவர் சரிவில் நிற்பது அறியாமையால் அல்ல. அரைப் பேர் ஆகிவிடுமே என்ற பயத்தால்தான்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். தொழிலாளி வேலை செய்யத் தயாராகவும் உடல் தகுதியோடும் இருந்து, நிர்வாகத்தால் வேலை கொடுக்க முடியாமற்போனால், குறைந்த நாட்களுக்கும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே மழை மாதங்களில் பெரட்டுக்குப் போனதையும், வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியதையும் தேதி போட்டு ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்ச்சொல் மறந்து போகும், எழுத்து நிற்கும்.

அடுத்து, 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் ஒரு புதிய உரிமையைத் தந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, நிர்வாகம் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. இந்த உரிமையைச் சோம்பலுக்குச் சாக்காக்கினால் நாமே அதைக் கெடுத்தவர்களாவோம். ஆகவே விலகும் முன் மண்டோரிடம் சொல்லுங்கள். "ஐயா, மேலே வெடிப்பு விட்டிருக்கு, வந்து பாருங்க" என்று நாலு பேர் சாட்சியாகச் சொல்லிவிட்டு விலகுங்கள்.

வேலையில் அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் சொக்சோ உண்டு. அன்றைக்கே தெரிவித்து, எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

பெரட்டில் கேட்க வேண்டியவை

40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் நம் தோட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே கேளுங்கள். மழை மாதங்களுக்கு மூன்று கோரிக்கைகளை முன்வைப்போம்.

முதலாவது, காலைப் பெரட்டில் பேர் வாசிக்கும்போதே அன்றைய வானிலை அறிக்கையையும் வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது, ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் செங்குத்தான சரிவுகளில் வேலை நிறுத்தி, சமமான இடத்திலோ ஸ்டோரிலோ வேலை தர வேண்டும். சரிவடி லயங்களில் இருப்போர் இரவில் தங்க ஒரு கூடமோ பள்ளியோ கோயில் மண்டபமோ முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை எல்லா மொழியிலும் போக வேண்டும். இன்று மலையில் கொளுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் பலர். தமிழோ மலாயோ சரியாகத் தெரியாதவர் காதில் எச்சரிக்கை விழாது. அந்நாளில் மொழி தெரியாத நாட்டில் நம் தாத்தாக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அதே பாடு இன்று பக்கத்து லயத்துக்காரருக்கு வரவிடலாமா? அவர் கதவையும் தட்டிச் சொல்லுங்கள்.

மழையை நிறுத்த எந்தச் சங்கத்தாலும் முடியாது. மழை தேயிலைக்கு வேண்டும். தேயிலை நம் சோற்றுக்கு வேண்டும். ஆனால் மழை வருகிறது என்று அரசாங்கம் சொன்ன பிறகும், ஒரு தொழிலாளி அது தெரியாமல் மண்ணுக்குள் போனால் அதை விதி என்று சொல்லிவிட முடியாது. அந்தச் செய்தி அவரிடம் வந்து சேரவில்லை என்பதுதான் உண்மை. இந்த ஐப்பசியில் செய்தி ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இன்று மாலையே ஆரம்பிப்போம்: அறிக்கையைப் படித்து, பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம்.