ஸ்வரம் எவ்வளவு நேரம்?

நம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து கோவில்பட்டியைத் தாண்டிப் போனால் எட்டயபுரம். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அங்கேதான் அச்சேறியது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை ஸ்வரக்குறிப்போடு நமக்குக் காத்துத் தந்த பெருநூல் அது. நம் பக்கத்து ஊரின் கொடை, நேயர்களே!

இப்படி ஸ்வரக்குறிப்பு உள்ள பாட்டுப் புத்தகத்தில் ஸ்வரத்தின் நீளத்தை எப்படிப் படிப்பது? ‘ஸ’ என்று குறிலாக இருந்தால் ஓர் அட்சரம், அதாவது ஓர் அலகு நேரம். ‘ஸா’ என்று நெடிலானால் இரண்டு. பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கேதான். மேலும் நீட்ட, காற்புள்ளிக்கு ஓர் அட்சரம், அரைப்புள்ளிக்கு இரண்டு. ஸ்வரத்தின் தலைமேல் ஒரு கோடு போட்டால் நேரம் பாதியாகும். இரண்டு கோடு போட்டால் கால்வாசி.

மேற்கத்திய இசையில் ஸ்வர நீளங்களுக்குச் செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர் என்று பெயர்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி.