வெயில் நகரங்கள் – 7: மட்டாஞ்சேரிக்கு எந்தப் பந்தல்?

கடற்கரை ஊர் ஒன்றில் வெப்ப அலை வீசுகிறது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்க, பகல் வெப்பநிலை 37 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். அந்த நாளின் வழக்கமான அளவைவிட நாலரை டிகிரியாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். கொச்சியில் சித்திரை வெயிலுக்கும் பாதரசம் பெரும்பாலும் 33, 34இல் நின்றுவிடும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியபோது கேரளமே பதறியது. கொச்சியின் ஒரு பகுதியான மட்டாஞ்சேரியின் 34ஐப் பார்த்து யாரும் பதறுவதில்லை.

ஆனால் அந்த 34 பொல்லாத 34. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தாலே உடம்பு உணரும் வெப்பம் 40ஐத் தாண்டிவிடும். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் இந்தக் கொடுமை இன்னும் கூடுதல். காயலை ஒட்டி வரிசையாகக் கிட்டங்கிகள்; அவற்றின் முதுகு தண்ணீரைப் பார்த்திருக்கிறது, வாசல் தெருவைப் பார்த்திருக்கிறது. பிற்பகலில் எழும் காற்றை அந்தச் சுவர்களே மறித்துவிடும். ஃபோர்ட் கொச்சியில் இருப்பதுபோல் தெருவையே மூடிக் கவியும் தூங்குமூஞ்சி மரங்களும் பஜாருக்குள் இல்லை. லாரியிலிருந்து அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் இறக்குகிறவர்கள் உழைப்பது அந்தப் புழுக்கத்துக்குள்தான்.

2023 மார்ச்சில் கேரள அரசு எல்லா உள்ளாட்சிகளிலும் தண்ணீர்ப் பந்தல் திறக்கச் சொன்னது. குடிநீர், சம்பாரம் என்னும் மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் அங்கே கிடைக்க வேண்டும், மே முடியும்வரை பந்தல் இயங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேரிடர் நிதியிலிருந்து ஊராட்சிக்கு 2 லட்சம், நகராட்சிக்கு 3 லட்சம், மாநகராட்சிக்கு 5 லட்சம் ரூபாய். மனதார வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஓர் அரசு அதைத் தன் கடமையாக எடுத்துக்கொள்வதைப் பார்க்க நிறைவாகவே இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் மனம் கனக்கிறது. எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி மூன்று நகராட்சிகளும் இணைந்து 1967இல் ஒரே மாநகராட்சி ஆகிவிட்டன. ஆகவே மூன்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரே 5 லட்சம்; அதை 2023இல் இருந்த 74 வார்டுகளுக்குப் பிரித்தால் வார்டுக்கு ஏழாயிரம் ரூபாய்கூடத் தேறாது.

அதே வேனிலில் மேற்குக் கொச்சியின் குழாய்களே வறண்டு கிடந்தன. பிறவம் அருகே பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகி, மட்டாஞ்சேரி உட்படப் பல பகுதிகள் வாரக்கணக்கில் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தன. இந்த ஊரின் தாகம் பழையது. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். டச்சுக்காரர்கள் காலத்திலேயே ஆலுவாவிலிருந்து படகில் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. காசுள்ளவர்கள் அதைக் குடித்தார்கள். யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர்கள் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு இங்கே கிடைத்த கெட்ட தண்ணீர்தான் காரணம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஆகவே மட்டாஞ்சேரியில் பந்தல் போடுகிறவர்கள் மூங்கிலுக்கும் ஓலைக்கும் முன்பு தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். குழாய் நின்றுபோனாலும் இரண்டு நாள் தாங்குகிற தொட்டி இல்லாத பந்தல் வெறும் பேனர்தான்.

அடுத்தது குளிர்விக்கும் முறை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் 2013இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. இன்று அங்கே பேருந்து நிறுத்தத்தில் பனித்தூறல்போல் நீர் தெளிக்கிறார்கள். வறண்ட ஊருக்கு அது அருமையான ஏற்பாடு; தூறல் ஆவியாகும்போது காற்று குளிர்ந்துவிடும். அதைப் பார்த்து மட்டாஞ்சேரியிலும் நீர் தெளித்தால், ஏற்கெனவே கனத்திருக்கும் காற்று இன்னும் கனக்கும், சட்டை நனையும், அவ்வளவுதான். இங்கே வேலைக்கு ஆவது சாதாரண மின்விசிறி. 47 டிகிரி வறண்ட வெயிலில் விசிறி உடலுக்குக் கெடுதலே செய்கிறது, 40 டிகிரி ஈர வெப்பத்தில் நன்மை செய்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து 2019இல் எழுதினார்கள். மேலே கனத்த நிழல், பக்கங்கள் திறப்பு, பெரிய விசிறி, சாய்ந்து உட்கார பெஞ்சு, குடிக்கச் சம்பாரம். மோரைத் தண்ணீர் பெருக்கி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நாரத்தை இலை நசுக்கிப் போட்டு, உப்பு சேர்த்தால் சம்பாரம். வியர்வையில் போன உப்பு அதில் திரும்பக் கிடைக்கும். வண்ணச் சர்பத்தில் கிடைக்காது.

கழிப்பறையைப் பற்றி எந்தத் திறப்பு விழாவிலும் பேச்சு வருவதில்லை. தெருவில் மீன் விற்கிற, குப்பை அள்ளுகிற பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பது தாகம் இல்லாததால் அல்ல. போக இடம் இல்லாததால். பந்தலுக்கு ஐம்பதடிக்குள் சுத்தமான கழிப்பறை இல்லாவிட்டால் அந்த மோர் ஆண்களுக்கு மட்டுமானதாகிவிடும்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த மூன்று மணி நேரம் வருமான இழப்பு. அவர் கால் மணி நேரம்தான் ஒதுங்குவார், அதுவும் லாரி கண்ணில் படுகிற தூரத்தில். பந்தல் பஜார் ரோட்டிலேயே இருக்க வேண்டும், அமைச்சர் கார் நிறுத்த வசதியான மைதானத்தில் அல்ல. நடக்க முடியாத முதியவர்களின் கதை வேறு. 1995 ஜூலையில் சிகாகோவில் 739 பேர் வெப்பத்துக்குப் பலியானார்கள், பலர் தனியே வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்டி விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் எத்தனை குளிர் மையம் திறந்தும் பயனில்லை. கேரளத்துக்கு அந்தக் குறை இல்லை. குடும்பஸ்ரீ பெண்களும் ஆஷா பணியாளர்களும் மட்டாஞ்சேரிக் கூவப்பாடத்தின் சந்துகள்வரை அறிந்தவர்கள். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

இடத்துக்கு ஒரு யோசனை. பஜார் ரோட்டுக் கிட்டங்கிகள் கனத்த சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் கொண்டவை. ஈராண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் தொடங்கும் கொச்சி–முசிறிஸ் பியனாலே கலைக் கண்காட்சிக்கு 2012 முதல் இப்படிப்பட்ட கட்டடங்களைத்தான் துப்புரவாக்கி, விளக்கும் விசிறியும் போட்டுத் தருகிறார்கள். மார்ச் வாக்கில் கலைஞர்கள் கிளம்பிவிடுகிறார்கள், வேனில் உச்சத்துக்கு வருகிறது, கிட்டங்கிகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மாத வாடகையை மாநகராட்சி கொடுத்து, வாசலில் பந்தலும் உள்ளே பெஞ்சும் போட்டால் போதும்.

எந்த நாளில் திறப்பது? வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பக் குறியீட்டு வரைபடத்தை மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2023லிருந்தே வெளியிடுகிறது. மட்டாஞ்சேரிப் பந்தலை அந்த வரைபடத்தைப் பார்த்துத் திறக்கட்டும். 37 டிகிரிக்காகக் காத்திருந்தால் பல ஆண்டுகள் அது திறக்கப்படாமலே போகலாம்.

(தொடரும்)