இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முடிச்சு போதும்



கல்வி உதவி கேட்டு நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் ஒரு பிழை அடிக்கடி வருகிறது. “ஆல்தோ மை ஃபாதர் ஈஸ் சிக், பட் ஐ ஸ்டடி வெல்” என்று எழுதுகிறார்கள். ‘அத்தாவுக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் நன்றாகப் படிக்கிறேன்’ என்பது நல்ல செய்திதான். ஆனால் கடிதத்தைப் படிப்பவர் கண்ணில் முதலில் பிழைதான் படும்.

‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ வேண்டாம். இரண்டில் ஒன்று போதும். அதுபோலவே ‘பிகாஸ்’ என்று தொடங்கினால் நடுவில் ‘சோ’ வரக்கூடாது. “பிகாஸ் இட் ரெயின்ட், தேர் வாஸ் நோ வொர்க் இன் த சால்ட் பேன்ஸ்” என்பதே சரி.

பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? ‘மழை பெய்ததால் உப்பளத்தில் வேலை இல்லை’ என்கிறோம். தமிழில் இணைப்பு நடுவில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னாலேயே போய்விடுவதால், நடுவில் ஏதோ குறைவதாகத் தோன்றி இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஒப்பிடும்போதும் கவனம் தேவை. தமிழில் ‘விட’ சேர்த்தால் போதும், ‘பெரியது’ மாறாது. ஆங்கிலத்தில் ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆகவேண்டும். பிறகு ‘தேன்’ வரவேண்டும். “புதுச்சேரி ஈஸ் பிக்கர் தேன் பெரிய முதலியார்சாவடி” என்று எழுதவேண்டும். ‘மோர் பிக்கர்’ தவறு. இந்தத் ‘தேன்’ டி, ஹெச், ஏ, என். ஏ இருக்கும் இடத்தில் இ போட்டால் ‘பிறகு’ என்று பொருள் மாறிவிடும். இரண்டும் சமம் என்றால் ‘அஸ் பிக் அஸ்’. ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்ற சொற்களுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்விலும் வாக்கியங்களை இணைக்கும் கேள்விகள் வருகின்றன. நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இது உதவும்.

ஆங்கிலம் தெரியாத தாய்மார்களும் இதில் உதவலாம். பிள்ளை எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘மழை பெய்ததால், ஆகவே வேலை இல்லை’ என்று வந்தால் நம் காதுக்கே இடிக்கும். அங்கே ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடிதத்தை அனுப்புமுன் ஒருமுறை நம்மிடம் காட்டினால், பிள்ளையோடு உட்கார்ந்து சரிபார்த்துத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.