பழைய பைக், வேறு ஃபோர்க்: சில மில்லிமீட்டர் கணக்கு

1999-இல் சுஸுகி கொண்டுவந்த எஸ்வி650 பைக்குக்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. 645 சிசி வி-ட்வின் இன்ஜின், அலுமினியச் சட்டகம், கையைக் கடிக்காத விலை. அந்த விலைக்காக எங்கே சிக்கனம் பிடித்தார்கள் என்பது முன்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். 41 மி.மீ. குழாய் கொண்ட எளிய ஃபோர்க். பெரிதாகச் சரிசெய்துகொள்ள அதில் வழி கிடையாது. அதனால் இந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் பலர் ஒரு காரியம் செய்வார்கள். அதே நிறுவனத்தின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் பைக் ஒன்று பாகம் பாகமாக விற்பனைக்கு வந்தால், ஃபோர்க், கிளாம்ப், சக்கரம், பிரேக் என்று அதன் முன்பக்கம் முழுவதையும் வாங்கி எஸ்வி-யில் மாட்டிவிடுவார்கள்.

பார்ப்பதற்கு இது ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலை போலத்தான் இருக்கும். ஆனால் ஃபோர்க் பள்ளம் மேடுகளை விழுங்குவதோடு நிற்பதில்லை. முன்சக்கரத்தைச் சட்டகத்தோடு பிணைத்து வைத்திருப்பது அதுதான். சக்கரம் எந்தக் கோணத்தில், எந்த இடத்தில் தரையைத் தொட வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுதான். ஒரு வேலைக்காக அதை மாற்றினால் மற்ற வேலைகளும் கூடவே மாறும்.

முதலில் அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். எண்ணெயால் அதிர்வை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை முதன்முதலில் விற்பனைக்கு வந்த பைக்கில் பொருத்தியது பி.எம்.டபிள்யூ, 1935-இல், ஆர்12 மாடலில். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த சக்கரம் அடுத்த நூறு அடிக்கும் குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதியலின் ஆற்றலை வெப்பமாக்கிக் கரைப்பது எண்ணெயின் வேலை.

எஸ்வி650-இல் இருப்பது டேம்பர் ராட் வகை. ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் சில சிறிய துளைகள் வழியாகப் பிதுங்கி வெளியேற வேண்டும். துளையின் அளவு மாறாது. இப்படிப்பட்ட துளையில் எண்ணெய் காட்டும் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இரண்டு மடங்கு வேகத்தில் அமுக்கினால் நான்கு மடங்கு எதிர்ப்பு. பத்து மடங்கு வேகத்தில் அமுக்கினால் நூறு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமுங்கும். அப்போது எதிர்ப்பு போதாமல் முன்பக்கம் தொபுக்கென்று இறங்கிவிடும். கூர்மையான பள்ளத்தில் மோதும்போது ஃபோர்க் மின்னல் வேகத்தில் அமுங்க வேண்டும். அப்போது எண்ணெய்க்கு வழி கிடைக்காமல் ஃபோர்க் கட்டையாகி, அடி நேராக மணிக்கட்டில் வந்து இறங்கும். துளையைச் சிறிதாக்கினால் முதல் குறை தீரும், இரண்டாவது கூடும், பெரிதாக்கினால் நேர்மாறு.

ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஃபோர்க்கில் இருப்பது கார்ட்ரிட்ஜ் வகை. அதைப் பிரித்தால் ஒரு சிறிய பிஸ்டனும், அதன்மேல் அடுக்கிய மெல்லிய எஃகு வளையங்களும் கையில் கிடைக்கும். ஷிம் என்று அழைக்கப்படும் இவை சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தடிமன் 0.1 மி.மீ., 0.15 மி.மீ. என்ற கணக்கில். பிஸ்டனின் துளைகளை இந்த அடுக்கு மூடியிருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் ஏறினால் வளையங்களின் விளிம்பு வளைந்து வழிவிடும். இன்னும் ஏறினால் இன்னும் வளையும். அதாவது துளையே தேவைக்கேற்பப் பெரிதாகிறது. எதிர்ப்பு கண்மண் தெரியாமல் எகிறாமல், வேகத்தோடு சேர்ந்து சீராக ஏறுகிறது. வளையத்தின் விறைப்பு அதன் தடிமனின் கனத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 0.1 மி.மீ. வளையத்தை எடுத்துவிட்டு 0.15 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். தலைமுடியின் பருமனைவிடக் குறைவான வித்தியாசம் இது. ஆனாலும் ஓட்டுபவரின் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது உறுதி. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கை வளைக்கும் விசை கீழ்க் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பழைய அமைப்பில் மெலிந்த எஃகுக் குழாய் அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. ஜிஎஸ்எக்ஸ்-ஆரில் ஃபோர்க் தலைகீழாக நிற்கும்: பருத்த அலுமினிய வெளிக்குழாய் மேலே, 43 மி.மீ. உள்குழாய் கீழே. அலுமினியத்துக்கு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் குழாயின் விட்டம் கூடக் கூட அதன் விறைப்பு விட்டத்தின் கன அளவில் ஏறுவதால், பருத்த அலுமினியக் குழாய் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

இவ்வளவும் எதிர்பார்த்து வாங்கியவை. இனி, கேட்காமலே கூட வருபவை.

ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். சாலை பைக்குகளில் இது ஏறக்குறைய 100 மி.மீ. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் அச்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுமே, அதே காரணத்தால்தான் பைக்கின் முன்சக்கரமும் போகும் திசைக்குத் தானாகத் திரும்ப முனைகிறது. டிரெயில் கூடினால் வண்டி நேர்கோட்டில் நிதானமாக நிற்கும், ஆனால் வளைவில் திரும்ப அடம் பிடிக்கும். குறைந்தால் நினைத்த மாத்திரத்தில் திரும்பும், வேகத்தில் ஹேண்டில் படபடக்கும்.

இந்த 100 மி.மீ. எதனால் வருகிறது? டயரின் ஆரம், ஸ்டீயரிங் அச்சின் சாய்வு, அந்த அச்சிலிருந்து ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப் எவ்வளவு முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறது என்ற ஆஃப்செட், இந்த மூன்றால். 300 மி.மீ. ஆரம், 25 டிகிரி சாய்வு, 36 மி.மீ. ஆஃப்செட் என்று வைத்துக் கணக்கிட்டால் டிரெயில் 100 மி.மீ. கிடைக்கும். இப்போது 10 மி.மீ. குட்டையான ஃபோர்க்கை மாட்டுங்கள். முன்பக்கம் தாழ்ந்து சாய்வு சுமார் 0.4 டிகிரி குறையும். டிரெயில் இரண்டரை மி.மீ. போய்விடும். கிளாம்பின் ஆஃப்செட் 5 மி.மீ. குறைந்தால் டிரெயில் அதற்கு எதிர்த்திசையில், ஐந்தரை மி.மீ. கூடும். குழாய்களைச் சட்டகத்தை நோக்கிப் பின்னால் இழுத்தால் டிரெயில் குறையும் என்றுதான் மனம் சொல்லும். நடப்பது நேர்மாறு: சக்கரம் பின்னால் வருகிறது, அச்சு அதே இடத்தில் நிற்கிறது, இடைவெளி பெரிதாகிறது.

பிரேக்கில் இதெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. நிறைமையம் 60 செ.மீ. உயரத்தில், இரு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. என்றால், முழுமூச்சாகப் பிரேக் பிடிக்கும்போது மொத்த எடையில் சுமார் 40 சதவீதம் பின்னாலிருந்து முன்னால் பாயும். ஃபோர்க் 60 மி.மீ. அமுங்கினால் 100 மி.மீ. டிரெயில் 85-க்கு அருகில் வந்துவிடும். வளைவின் வாசலில் பைக் திடீரென்று துடியாவது இதனால்தான். அந்த அமுக்கத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவை குழாய்க்குள் இருக்கும் வளையங்கள். எண்ணெய் ஓட்டத்தைச் சரிசெய்யும் ஒரு திருகு, ஸ்டீயரிங்கையும் சேர்த்தே திருப்புகிறது.

டிரெயில்தான் இரு சக்கர வண்டிகளை நிமிர்த்தி வைக்கிறதா என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ், ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்று கிளம்பினார். முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை ரத்து செய்தார். அப்படியும் ஓட்ட முடிந்தது. டிரெயிலைத் தலைகீழாக்கியபோதுதான் சைக்கிள் அவரைத் திண்டாட வைத்தது. இதை 1970-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இன்னொரு சைக்கிளைக் காட்டினார்கள். அதில் பம்பர விளைவும் இல்லை, டிரெயிலும் சற்றே எதிர்மறை. தள்ளிவிட்டால் ஆளில்லாமல் நிமிர்ந்து ஓடியது. எடை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் சமநிலையில் பங்கு கேட்கிறது என்பது அதன் செய்தி. ஆக, டிரெயில் எண்ணை மட்டும் பழையபடி கொண்டுவந்துவிட்டால் பைக்கின் குணம் அப்படியே திரும்பிவிடும் என்று நம்ப முடியாது. எடை கூடிய சக்கரமும் பெரிய டிஸ்க்கும் கணக்கில் உண்டு.

பட்டறையில் இதற்கெல்லாம் அளவுகோல்தான் முதல் கருவி. கிளாம்பின் தண்டு பழைய கழுத்தில், அதாவது நம் மெக்கானிக்குகள் கோன்செட் என்று சொல்லும் பேரிங்கில், சரியாக உட்கார வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, மட்கார்டு ரேடியேட்டரில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, டேங்கில் படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிபட்ட பைக்கிலிருந்து வந்த குழாய் என்றால் அதைச் சமதளத்தில் உருட்டி வளைவு இருக்கிறதா என்று சோதிக்காமல் மாட்டக் கூடாது. பிரேக் காலிப்பரின் பிஸ்டன்கள் பெரிதானால் லீவர் அதிக எண்ணெயைத் தள்ள வேண்டியிருக்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும்.

இத்தனைக்கும் துணியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பழைய ஃபோர்க்கிலேயே ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, டேம்பர் ராடின் மேல் எமுலேட்டர் என்ற சிறு வால்வை உட்கார வைத்தால், கார்ட்ரிட்ஜின் குணத்தில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். பைக்கின் உயரமும் ஆஃப்செட்டும் பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கும். பந்தயத்தில் நொடியின் சிறு பங்குக்காகப் போராடுபவருக்கு முழு மாற்றம் பொருத்தம். தினமும் ஓட்டுபவருக்கு இந்தச் சின்ன வேலையே லாபம். எதைச் செய்தாலும், கழற்றுவதற்கு முன்பே பழைய பைக்கின் முன்பக்க உயரத்தையும் ஆஃப்செட்டையும் அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. புதிய ஃபோர்க் எவ்வளவு தாழ்த்தியது, எவ்வளவு இழுத்தது என்று அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.