அளவறிந்து தரவேண்டிய பிராணவாயு

மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பிராணவாயு கொடுப்பதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். காற்றுக்கு ஏங்குகிறவருக்கு அதை எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் தீமை விளையாது என்ற நம்பிக்கை பல நாடுகளின் ஆம்புலன்ஸ் ஊழியரிடையே நெடுங்காலம் நிலவி வந்தது. முகமூடியைப் பொருத்தி, பிராணவாயுவை வேகமாகத் திறந்துவிடுவதே வழக்கமாயிருந்தது. அந்தத் தாராளமே ஒரு வகை நோயாளிகளின் உயிருக்கு உலை வைக்கக்கூடும் என்பது இப்பொழுது தெளிவாகியிருக்கிறது.

அவர்கள் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்கு ஆளானவர்கள். பல்லாண்டுகள் பீடி, சிகரெட் புகைத்தவர்களையும், விறகும் வரட்டியும் எரியும் அடுப்படியில் வாழ்நாளைக் கழித்த பெண்களையும் இந்நோய் பெரிதும் பற்றுகிறது. நுரையீரலின் சிறு காற்றுக் குழாய்கள் குறுகி, நுண்ணறைகள் சிதைந்து போவதால், இவர்களுள் பலருக்குக் கரியமிலவாயு முற்றிலும் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இந்நிலையில் நுரையீரல் சிக்கனமானதோர் ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. காற்று நன்கு புகாத பகுதிகளின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, காற்றோட்டமுள்ள பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பி விடுகிறது. மிகையான பிராணவாயு உள்ளே சென்றதும் சுருங்கிய குழாய்கள் விரிகின்றன. காற்றோட்டமற்ற பகுதிகளிலும் ரத்தம் பாய்ந்து, கரியமிலவாயுவைக் கழிக்காமலே திரும்புகிறது. அன்றியும், ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவால் நிறையும்போது, தான் சுமந்து வந்த கரியமிலவாயுவை இறக்கிவிடுகிறது. மூச்சு விடும் உந்துதலும் ஓரளவு தணிகிறது. (பழைய பாடநூல்கள் இந்த மூன்றாவது காரணத்தையே பெரிதும் வற்புறுத்தின. முதலிரண்டுக்கும் முக்கிய பங்குண்டு என்பது இக்கால ஆராய்ச்சியாளர் கருத்து.) ரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்து, நோயாளி மெல்ல மயக்கத்தில் ஆழ்கிறார். அருகிலிருப்போரோ, திணறல் தணிந்து அவர் சற்றுக் கண்ணயர்ந்ததாக எண்ணி ஆறுதலடைகின்றனர்!

இந்த அபாயம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. காற்றையும் பிராணவாயுவையும் குறித்த விகிதத்தில் கலந்து தரும் வெஞ்சுரி முகமூடியைப் பிரிட்டனில் டாக்டர் காம்ப்பெல் 1960-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். ஆயினும், ஆம்புலன்ஸ் வண்டியில் அளவோடு கொடுப்பதால் உயிர் பிழைப்போர் தொகை கூடுமா என்பதை நேரிடையாகச் சோதித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவினர். ஹோபார்ட் நகரில் 2006, 2007-ஆம் ஆண்டுகளில் 405 நோயாளிகள் இச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல முகமூடி மூலம் நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை பிராணவாயு செலுத்தப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு மூக்குக் குழாய் வழியாக, ரத்தத்தின் பிராணவாயுச் செறிவு 88 முதல் 92 சதவிகிதத்துக்குள் நிற்குமாறு அளந்து கொடுக்கப்பட்டது. 2010-இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவில் 9 சதவிகிதத்தினர் இறந்தனர். இரண்டாவது பிரிவில் 4 சதவிகிதத்தினரே இறந்தனர். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் உறுதிசெய்யப்பட்ட 214 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால், 9 சதவிகிதத்துக்கு எதிரே 2 சதவிகிதம். புதிய மருந்து எதுவும் இதில் இல்லை.

இங்ஙனம் அளந்து கொடுப்பதைச் சாத்தியமாக்கியது விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி. ஜப்பானியப் பொறியியலறிஞர் தக்குவோ அவோயாகி அதன் தத்துவத்தை 1974-இல் வெளியிட்டார். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சின் மீதும் அது பிழைபடக்கூடும். கருநிறத் தோலில் உண்மைக்கு மிகையாகக் காட்டுவதுண்டு என்று 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக் காட்டிற்று. இந்திய ஊழியர்கள் இதை மறத்தலாகாது. எண்ணை மட்டும் நம்பாமல், நோயாளி ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, தெளிவுடன் இருக்கிறாரா என்றும் பார்க்கவேண்டும்.

அளவோடு கொடுப்பது என்றால் பிராணவாயுவை மறுப்பது என்று பொருளன்று. ஆஸ்துமா, நிமோனியா, இருதயத் தளர்ச்சி ஆகியவற்றால் திணறுவோருக்கு 94 முதல் 98 சதவிகிதம் வரை செறிவு இருக்கலாம் என்பது பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008-இல் வகுத்த விதி. உயிருக்கு மன்றாடும் நிலையில், முதலில் தாராளமாகத் தொடங்கிப் பின்னர் குறைப்பதே முறை.

வண்டி வந்து சேரும்வரை வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைக்காமல், சற்று முன்சாய்ந்து கைகளை ஊன்றி அமரச் செய்யவேண்டும். டாக்டர் முன்னரே கொடுத்துள்ள உறிஞ்சு மருந்திருந்தால் அவர் சொன்னபடி உபயோகிக்கலாம். 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கிய 108 சேவை இப்பொழுது பல மாநிலங்களில் இயங்குகிறது. அதன் ஊழியரிடம் முதலில் சொல்லவேண்டிய செய்தி, நோயாளிக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறதா என்பதே. பிரிட்டனில், முன்பு கரியமிலவாயுத் தேக்கம் கண்டவர்களுக்கு, தக்க செறிவு இன்னதெனக் குறித்த எச்சரிக்கைச் சீட்டொன்றையும் வெஞ்சுரி முகமூடியையும் கொடுத்தனுப்புமாறு அந்நாட்டு விதி கூறுகிறது. அத்தகைய சீட்டு இல்லாதவிடத்து, ஆஸ்பத்திரியிலிருந்து முன்பு கொடுத்தனுப்பிய குறிப்பை எளிதில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து ஊழியரிடம் கொடுக்கலாம்.