உப்புநீர் மீன் தொட்டிக்கு வீட்டிலேயே செய்யும் நுரை எடுப்பான்

கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சியவர்களுக்கு இந்த விஷயத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொப்பரையில் சாறு சூடேறியதும் அழுக்கு நுரையோடு சேர்ந்து மேலே மிதந்து வரும். அதை வழித்து எடுக்காமல் விட்டால் வெல்லம் கறுத்துவிடும். விலையும் போகாது. உப்புநீரில் மீன் வளர்க்கும் தொட்டிகளில் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்ற கருவி செய்வதும் இதே வேலைதான். அங்கே அடுப்புக்குப் பதில் காற்றுப் பம்ப். கரண்டிக்குப் பதில் ஒரு பி.வி.சி. குழாய்.

சென்னைக்காரர்கள் இதைக் கடலிலேயே பார்த்திருக்கிறார்கள். 2019 டிசம்பர் தொடக்கத்தில், பலத்த மழைக்குப் பின், மெரினா, பட்டினப்பாக்கம் கரையில் பஞ்சு கொட்டியது போல் வெள்ளை நுரை பல நாட்கள் ஒதுங்கிக் கிடந்தது. சாக்கடை நீரும் துணி துவைக்கும் சோப்புத் தூளின் மிச்சமும் மழை வெள்ளத்தோடு கடலில் கலந்தன. அலை அடித்துக் காற்றைக் கலக்க, அழுக்கு நுரையாகிக் கரையேறியது. அதில் இறங்க வேண்டாம் என்று எச்சரித்தும் குழந்தைகள் விளையாடத்தான் செய்தார்கள். உப்புநீர், கரைந்த அழுக்கு, காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் நுரை வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் கோவளத்துக்குத் தெற்கே கிணறு உவர் ஏறிப்போன சிறு விவசாயி, ‘இந்த நீரில் நெல் வராது, மீனாவது வருமா?’ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோமாளி மீன் எனப்படும் ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை மீனையோ, கொடுவாக் குஞ்சையோ தொட்டியில் வளர்த்துப் பார்க்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மீன்கள் எதனால் சாகின்றன என்பதைத்தான்.

பெரும்பாலும் நோயால் அல்ல. நீர் கெடுவதால்.

போட்ட தீனியில் மிச்சமும் மீனின் கழிவும் நீரில் கரைந்து அழுகி அம்மோனியா ஆகிறது. 250 லிட்டர் தொட்டியில் ஒருநாள் தீனி கூடிப்போனாலும், செத்த மீன் ஒன்று கல்லிடுக்கில் கவனிக்கப்படாமல் கிடந்தாலும், விடியும்போது மற்ற மீன்களும் மிதக்கும். நன்னீர்த் தொட்டியானால் பாதி நீரை இறைத்துவிட்டு, கிணற்று நீரை ஊற்றிச் சமாளிக்கலாம். கடல்நீரை அப்படி நினைத்தபோது மாற்ற முடியாது. 1909இல் மெரினாவில் திறக்கப்பட்ட பழைய மீன் காட்சியகத்துக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. மாடி வீட்டுத் தொட்டிக்கு இல்லை. அடையாறு, கூவம் முகத்துவாரங்களுக்கு அருகே மொண்டுவரும் நீர் மீனைக் காப்பதற்குப் பதில் கொல்லவே செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ கரையோர நீரின் உப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே இருக்கிற நீரிலிருந்தே, அழுக்கு அழுகுவதற்கு முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். நுரை எடுப்பான் செய்வது அதைத்தான்.

வேலை செய்யும் விதம்

புரதம், கொழுப்பு போன்ற அழுக்குப் பொருள்களுக்கு ஒரு குணம் உண்டு. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழி எவ்வளவு சிறியதோ, அதே அளவு காற்றுக்கு ஒட்டுவதற்கான பரப்பு அவ்வளவு கூடும். குமிழி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. பார்வைக்கு நீர் பால் கலந்தது போல வெளுத்துத் தெரியும். கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே நிற்கின்றன. நன்னீரில் அவை சேர்ந்து பெரிதாகி ‘பொட்’டென்று உடைந்துவிடும். இதனால்தான் இந்தக் கருவி நன்னீர்த் தொட்டிக்கும் கெண்டைக் குளத்துக்கும் உதவாது. அதற்கென்று வாங்கி ஏமாற வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகள் பல ஆயிரம் ரூபாய் விலை பெறுகின்றன. அதே தத்துவத்தில், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குழாயைக் கொண்டு 250 முதல் 300 லிட்டர் தொட்டிக்கு ஏற்ற ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

செய்முறை

110 மில்லிமீட்டர் (4 அங்குல) பி.வி.சி. குழாயில் 3 அடித் துண்டு ஒன்று. அதன் அடியை மூடி போட்டு ஒட்ட வேண்டும். மேல் முனையில் 110-லிருந்து 63 மில்லிமீட்டருக்குக் குறைக்கும் ரெடியூசர். அதற்கு மேல் 63 மில்லிமீட்டர் (2 அங்குல) குழாயில் 8 அங்குலத் துண்டு. இதுதான் கருவியின் கழுத்து. கழுத்தை ஒட்டக் கூடாது, இறுக்கமாகச் செருகினால் போதும். அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

கண்ணாடி போல் தெளிவான பிளாஸ்டிக் ஜாடி ஒன்றின் அடியில் கழுத்துக் குழாய் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளையிட்டு, குழாய் ஜாடிக்குள் 3 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்குமாறு சிலிக்கான் பசையால் ஒட்ட வேண்டும். கழுத்து வழியாக ஏறும் நுரை ஜாடிக்குள் வழிந்து தேங்கும். திரும்பிப் போக வழியில்லை. மீன் தொட்டிக்கென விற்கும் சிலிக்கானையே வாங்க வேண்டும். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சண மருந்து கலந்திருக்கும்.

பெரிய குழாயில் இரண்டு துளைகள் வேண்டும். மேலேயிருந்து 8 அங்குலம் கீழே அரை அங்குலத் துளை, நீர் உள்ளே வருவதற்கு. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே ஓர் அங்குலத் துளை, நீர் வெளியேறுவதற்கு. வெளியேறும் குழாயை எல்போ போட்டு, கருவியின் பக்கத்திலேயே மேலே ஏற்றி, ரெடியூசருக்கு 5 அங்குலம் கீழே தொட்டிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். திருப்பத்தில் எல்போவுக்குப் பதில் ‘டீ’ போட்டு அதன் மேல்வாயைத் திறந்தே வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நீர் சைபன் முறையில் உறிஞ்சப்பட்டு மட்டம் நிலைக்காது. ஏறும் குழாயின் நடுவில் ஒரு கேட் வால்வு.

அந்த 5 அங்குலக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். காற்று கலந்த நீர் இலேசானது. எனவே கருவிக்குள் நீர்மட்டம் வெளிக்குழாயின் மட்டத்தைவிட இரண்டு, மூன்று அங்குலம் உயர்ந்தே நிற்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால், காற்றைத் திறந்ததும் நீர் கழுத்து வழியே பொங்கி ஜாடி நிறைந்துவிடும். தாழ்வாக வைத்துக்கொண்டு, வால்வைச் சிறிது சிறிதாக மூடி மட்டத்தைக் கழுத்தின் அடிவரை ஏற்றுவதே சரியான முறை.

இனி காற்று. சாதாரணக் காற்றுக் கல் போதாது. குமிழி பெரிதாக வரும். 1960களில் ஜெர்மனியில் இந்தக் கருவி பரவியபோது லிண்டன் என்ற மரத்தின் கட்டையைக் காற்றுக் கல்லாகப் பயன்படுத்தினார்கள். அந்த மரம் நம் பக்கத்தில் வளர்வதில்லை. நெருக்கமான நுண்துளை உள்ள, எண்ணெய்ப் பசை இல்லாத உலர்ந்த மரம் எதையும் சோதித்துப் பார்க்கலாம். தேக்கில் எண்ணெய் உண்டு, வேம்பில் கசப்பு உண்டு, இரண்டும் வேண்டாம். 2 அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்தில் கட்டையை வெட்டி, காற்று மரத்தின் நரம்பு வழியாக முனையில் வெளியேறும்படி துளையிட வேண்டும். தச்சரிடம் ‘ரேகை மேல்நோக்கி இருக்கட்டும்’ என்றால் புரிந்துகொள்வார். கட்டை மிதக்காதிருக்க ஒரு கூழாங்கல்லை நைலான் நூலால் கட்டி, காற்றுக் குழாயோடு கழுத்து வழியே இறக்கி, அடியிலிருந்து 4 அங்குல உயரத்தில் தொங்கவிட வேண்டும். வெளியேறும் துளைக்கு மேலே கட்டை இருந்தால்தான் குமிழி தொட்டிக்குள் போகாது. சில வாரங்களில் கட்டை அடைத்துக்கொள்ளும். மேலே இழுத்து மாற்றிக்கொள்ளலாம். 3 அடி ஆழத்தில் மரத்தின் வழியே காற்றைத் தள்ளச் சின்னஞ்சிறு பம்பால் முடியாது. சற்றுப் பெரியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

தொட்டிக்குள் ஒரு சிறிய நீர்மூழ்கிப் பம்ப் மணிக்குச் சுமார் 400 லிட்டர் நீரைக் கருவிக்கு அனுப்பினால் போதும். கருவிக்குள் கிட்டத்தட்ட 8 லிட்டர் நீர் நிற்பதால், ஒவ்வொரு துளியும் ஒரு நிமிடத்துக்கு மேல் குமிழிகளுக்கு நடுவே இருக்கும். நீர் மேலிருந்து கீழே வர, குமிழி கீழிருந்து மேலே போக, இரண்டும் எதிரெதிரே உரசிக்கொள்ளும். வேகமாக இறைத்தால் நல்லது என்று பெரிய பம்ப் போடுவது வீண் செலவு.

கருவியைத் தொட்டி இருக்கும் மேஜை மீதே நிறுத்திச் சுவரோடு கட்டிவைக்க வேண்டும். ஒட்டிய பசை முழுதும் காய ஒன்றிரண்டு நாள் விட்டு, நன்றாகக் கழுவிய பிறகே மீன் உள்ள நீரை விடலாம்.

ஓட்டும்போது

முதல் சில நாட்கள் நுரையே வராது. கருவி கெட்டுவிட்டதோ என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். புதுக் குழாயின் வழவழப்பு போய் உள்பக்கம் பழக வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் கையைப் பார்க்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டியில் விட்டால், அந்தச் சிறு பசையே நுரையைச் சில மணி நேரம் அடக்கிவிடும். கொழுப்புள்ள தீனி போட்டாலும் இப்படி ஆகும்.

நுரை கெட்டியாக, பழுப்பாக, மெதுவாக ஏற வேண்டும். ஜாடியில் சேர்வது கடுந்தேநீர் நிறத்தில், மூக்கைப் பொத்தும் நாற்றத்தோடு இருந்தால் கருவி நன்றாக வேலை செய்கிறது. வெளிறிய நீராகச் சேர்ந்தால் மட்டம் அதிகம். வால்வைச் சிறிது திறக்க வேண்டும். கழுத்தின் உட்பக்கத்தில் படியும் பிசுக்கை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் நுரை ஏறாது. சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது.

மின்வெட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பம்ப் நின்றதும் கருவியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் நீர் தொட்டிக்குத் திரும்பும். தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தால் தரையில் வழியும். காற்றுப் பம்பைக் கருவியைவிட உயரத்தில் வைக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் காற்றுக் குழாய் வழியே கடல்நீர் இறங்கிப் பம்புக்குள் போய்விடும். உப்புநீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால், கசிவு ஏற்பட்டால் தானே அணையும் இ.எல்.சி.பி. சுவிட்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பம்புகளை நிறுத்திய பிறகே தொட்டிக்குள் கை விட வேண்டும்.

ஜாடியில் சேர்ந்த கழிவு நல்ல உரம்தானே என்று வாழைக்கோ காய்கறிப் பாத்திக்கோ ஊற்றிவிடக் கூடாது. அதில் கடல்நீரின் உப்பு அத்தனையும் இருக்கிறது. தொட்டி நீரையும் அப்படியே; வயல் வாய்க்காலில் விட்டால் மீனால் வந்த வருமானத்தைவிட மண் கெட்ட நஷ்டம் பெரிது.

இது செய்யாதவை

ஏற்கெனவே உண்டாகிவிட்ட அம்மோனியாவை இந்தக் கருவி எடுக்காது. அதைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் கூழாங்கல், சிப்பி ஓடு நிரப்பிய வடிகட்டியில் வளர வேண்டும். அதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் நிறைய விடக் கூடாது. வடிகட்டி இல்லாமல் நுரை எடுப்பானை மட்டும் நம்பியவர்கள் மீனை இழந்துவிட்டுக் கருவியைத் திட்டுகிறார்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக உவர்க் கிணற்று நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மழைநீரோ, உப்பு நீக்கிய நீரோதான் ஊற்ற வேண்டும். இறால் குளம் போன்ற பெரிய பரப்புக்கும் இந்தக் குழாய் ஆகாது. அங்கே காற்று வீசும் திசையில் மூலையில் ஒதுங்கும் நுரையை வலையால் அள்ளுவதே சிக்கனமான வழி.

எந்த உயிரை வளர்ப்பது என்பதிலும் எச்சரிக்கை தேவை. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. யாராவது கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கோமாளி மீனிலும் கடலில் பிடித்ததைவிடப் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சே தொட்டிக்கும் தீனிக்கும் பழகியிருக்கும். அதைப் பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன.

கொடுவா, பால் மீன் போன்றவற்றுக்கு ஆலோசனை கேட்க, 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையிலேயே, ராஜா அண்ணாமலைபுரம் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1997இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்ததும் இந்த நிறுவனமே. இதன் சோதனை நிலையம் முட்டுக்காட்டில் உள்ளது. போகிறவர்கள் தங்கள் கிணற்று நீரில் ஒரு பாட்டிலும், தொட்டி வைத்திருந்தால் அந்த நீரில் ஒரு பாட்டிலும் தனித்தனியே எடுத்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டு ஒட்டிக் கொண்டுபோவது நல்லது. உப்பின் அளவு தெரியாமல் எந்த மீன் வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது.