தையல் ஆறும் வரை

நெய்யாறு கடலைத் தொடும் பூவாரிலும் அதனை அடுத்த பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களிலும் நாயைப் பிள்ளைபோல் வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லை இங்குள்ளோரின் மொழியையும் உறவையும் முற்றிலும் பிரித்துவிடவில்லை. நாய்க்கு அறுவை மருத்துவம் தேவை என்றாலும், திருவனந்தபுரத்திற்கா நாகர்கோவிலுக்கா என்பதே பல வீடுகளில் எழும் முதற்கேள்வி. மருத்துவர் தம் கடமையை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதன் பின்னர் வரும் இரண்டு வாரங்கள் நம் கையில் இருக்கின்றன.

கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு நடுவயதுக்குப் பின் வரக்கூடிய கருப்பைச் சீழ்நோயை எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் இதனைப் பயோமெட்ரா என்பர். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் நாய் ஓயாமல் நீர் குடிக்கும், சோர்ந்து கிடக்கும், உணவை வெறுக்கும். சில நாய்களுக்குச் சீழ் வெளியே கசியும். சிலவற்றிற்கோ அது உள்ளேயே தங்கி வயிறு உப்பும். இதுவே கூடுதல் ஆபத்தானது. பெரும்பாலும் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றுவதே தீர்வு. செலவை எண்ணி நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளில்தான் உயிர் போகின்றது. பொதுத்துறை நிறுவனங்கள் உட்படச் சில காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்கும் காப்பீடு வழங்குகின்றன. இறப்புக்கு மட்டும் ஈடா, அறுவைச் செலவுக்கும் உண்டா என்பதைப் பத்திரத்தில் கையொப்பமிடும் முன்னரே படித்தறிய வேண்டும். அதைவிட எளிய வழி, மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டு வருவது. நோய் வந்தபின் கடன் தேடும் பொழுதில் நாய்க்கு நேரமிருப்பதில்லை.

மயக்கம் தெளியாத நாயைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்க வேண்டும். கட்டிலிலோ திண்ணையிலோ கிடத்தினால் தள்ளாடி விழும். மயக்க மருந்து உடல் வெப்பத்தைக் குறைக்குமாதலால், ஆனி ஆடி மழைநாட்களில் காற்றுப் படாத அறையும் ஒரு பழைய போர்வையும் தேவை. நன்கு விழித்து, தடுமாறாமல் விழுங்கத் தொடங்கிய பின்னரே நீர் தர வேண்டும். அதுவும் சிறிது சிறிதாக.

நாயின் வயிற்றுத் தையலுக்கு மனிதத் தையலுக்கு இல்லாத ஒரு சுமை உண்டு. நான்கு காலில் நிற்கும் உயிருக்குக் குடலின் எடை முழுவதும் வயிற்றின் அடிப்பகுதியில்தான் தொங்குகின்றது. கத்தி பட்டதும் அந்த இடத்தில்தான். வெளித்தோல் பத்துப் பதினான்கு நாட்களில் கூடிவிடும். உள்ளிருக்கும் தசையுறை வலுப்பெறவோ பல வாரங்கள் ஆகும். இதனை நாய் அறியாது. நான்காம் ஐந்தாம் நாளில் வலி குறைந்தவுடன் வாலை ஆட்டி வாசலுக்கு ஓடும், மீன்காரரின் குரல் கேட்டால் துள்ளும். நாமும் "தேறிவிட்டது" என்று மகிழ்ந்து கயிற்றை அவிழ்த்துவிடுவோம். தையல் பிரிய அந்த ஒரு துள்ளல் போதும். படுத்த படுக்கையாய்க் கிடந்த முதல்நாளைவிட, ஓடத் துடிக்கும் ஐந்தாம் நாளே நாம் அஞ்ச வேண்டிய நாள். சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து மெல்ல அழைத்துச் செல்லலாம். படி ஏறுவதும் மடியில் தாவுவதும் கூடா. அது முனகும்போது இரங்கி விட்டுக்கொடுப்பது அன்புபோல் தோன்றினும், தீங்காகவே முடியும்.

புண்ணை நக்கினால் ஆறும் என்பது தவறான நம்பிக்கை. நாய் பல்லால் தையலைப் பிடுங்கிவிடும். எச்சிலிலும் கிருமிகள் உண்டு. ஆகவே கழுத்துக் கூம்பைக் கழற்றலாகாது. அதை அணிந்து கதவிலும் கால்களிலும் முட்டிக்கொள்ளும் காட்சி நமக்கே பாவமாய் இருக்கும். அப்போதும் மனம் இளகக் கூடாது. மருத்துவர் இசைந்தால், பழைய பருத்திப் பனியனை முன்கால்கள் வழியே மாட்டி, முதுகில் முடிந்துவிடலாம். மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் தையல்மேல் வேண்டாம். கடலோர மண்ணில் இன்னும் இரண்டு பகைகள் உண்டு: மணலும் ஈயும். ஈரப்புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். எனவே முற்றத்து மணலில் படுக்கவிடாமல், நாள்தோறும் துவைத்துலர்த்திய துணிமேல் வீட்டிற்குள் வைத்திருப்பதே நன்று. குளிப்பாட்டுவது தையல் பிரித்த பிறகே.

உணவு எளிது: குழைந்த சோறு, முள் நீக்கி அவித்த மீன் அல்லது கோழி, சிறு சிறு அளவாகப் பலமுறை. நம் மீன்குழம்பு மட்டும் ஆகாது. அதிலுள்ள உள்ளியும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குருதி இழந்த உடலுக்கு அது இரட்டைக் கேடு. வீட்டிலிருக்கும் வலிமாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கமும் உயிருக்கே உலை வைக்கும். இபுபுரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். எழுதித் தந்த மருந்தையே, நாய் துள்ளத் தொடங்கிய பின்னும், சொன்ன நாள்வரை தர வேண்டும்.

காலையும் மாலையும் தையலைப் பார்க்க வேண்டும். சிறிது சிவப்பும் வீக்கமும் இயல்பே. துர்நாற்றம், சீழ், தையல் விலகல், வெளுத்த ஈறு, ஓயாத வாந்தி, ஒரு நாள் முழுவதும் உணவை மறுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் விடியலுக்காகக் காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். நாய் வலியை மறைக்கும் இயல்புடையது. அது அமைதியாய் இருப்பதைக் கொண்டே நலம் என்று முடிவு செய்துவிட முடியாது.

தையல் பிரித்த நாளிலேயே பொழிமுகத்து மணலுக்கு அழைத்துச் செல்ல ஆவல் எழும். இன்னும் சில வாரங்கள் கயிற்றோடு தெருவில் நடக்கட்டும். அலையில் இறங்குவது மருத்துவர் ஒப்பிய பின்னர்.